இயங்குதளம் ஏற்றும்போது கணினி பாதியில் நின்றுபோகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடிந்தது. அதன்பிறகு, பல ஆண்டுகளாகத் தொடாமல் வைத்திருந்த கணினிகளில் விண்டோஸ் 11-ஐயோ லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தையோ ஏற்றும் வேலை வீட்டுக்கு வீடு நடக்கிறது. ஏற்றும்போது உறைந்துவிட்டது, அணைந்துவிட்டது, நீலத்திரை வந்துவிட்டது என்று உதவி கேட்டு வருபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். அவசரப்படாமல் ஒருமுறை முழுவதும் படித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

நேற்றுவரை நன்றாக ஓடிய கணினி, புதிய இயங்குதளம் ஏற்றும்போது மட்டும் ஏன் விழுகிறது?

நேற்றுவரை நன்றாக ஓடியது என்பது பல நேரங்களில் பாதி உண்மைதான். ரேம் எனும் தற்காலிக நினைவகத்தில் ஏதோ ஒரு மூலையில் ஒரு சிறு பகுதி பழுதாகியிருக்கும். செய்தி படிக்கும்போதும் பாட்டுக் கேட்கும்போதும் அந்த மூலை பெரும்பாலும் பயன்பாட்டுக்கே வராது. வந்தாலும் உலாவியில் ஒரு பக்கம் மூடிக்கொள்ளும், ஒரு புகைப்படத்தில் சிறு கோடு விழும். நாமும் அதைப் பொருட்படுத்த மாட்டோம்.

இயங்குதளம் ஏற்றுவது அப்படிப்பட்ட வேலை அன்று. பென்டிரைவிலிருந்து பல ஜிபி அளவுள்ள சுருக்கப்பட்ட கோப்புகளைப் படித்து, ரேமில் விரித்து, சரிபார்த்து, டிஸ்க்கில் எழுத வேண்டும். சுருக்கிய கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் அந்தப் பகுதி விரியாது. பிராசசரும் ரேமும் டிஸ்க்கும் ஒரே நேரத்தில் முழு மூச்சாக உழைக்கும்; வெப்பமும் ஏறும். ஊருக்குள் ஓட்டும்போது தெரியாத பிரேக் கோளாறு கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் தெரிந்துவிடும் அல்லவா, அதுபோலத்தான். ஆகவே இந்த வேலையில் கணினி விழுந்தால் விண்டோஸையோ லினக்ஸையோ குறை சொல்வதற்கு முன் வன்பொருளைப் பாருங்கள்.

உடனே மறுபடி முயன்று பார்க்கலாமா?

வேண்டாம். முதலில் அந்த டிஸ்க்கில் உங்களுக்கு வேண்டிய கோப்புகள் இருக்கின்றனவா என்று யோசியுங்கள். திருமணப் படங்கள், பிள்ளைகளின் சான்றிதழ் நகல்கள், கடைக் கணக்கு என்று ஏதாவது இருந்தால் அவற்றை வெளியே எடுக்கும்வரை நிறுவும் திரைப்பக்கமே போகாதீர்கள். தடுமாறும் கணினியில் ஒவ்வொரு முயற்சியும் டிஸ்க்கில் எதையாவது எழுதுகிறது. பழைய கோப்புகள் இருந்த இடத்தின்மீதே எழுதிவிட்டால் பிறகு யாராலும் மீட்க முடியாது.

உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்றவற்றை நிறுவாமலேயே பென்டிரைவிலிருந்து இயக்கலாம். அப்படித் திறந்து, வேண்டியதை இன்னொரு டிஸ்க்குக்கு நகலெடுத்துக்கொள்ளுங்கள். டிஸ்க்கைக் கழற்ற முடிந்தால் நல்ல கணினி ஒன்றில் மாட்டி எடுப்பது இன்னும் பாதுகாப்பு. விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டு (டிஸ்க்கைக் குறியாக்கம் செய்வது) போடப்பட்ட டிஸ்க் என்றால் 48 இலக்க மீட்புச் சாவி இல்லாமல் திறக்காது. பயாஸில் (கணினியைத் தொடங்கியதும் முதலில் இயங்கும் மதர்போர்டு மென்பொருள்) செக்யூர் பூட் (அனுமதி பெற்ற மென்பொருளிலிருந்து மட்டும் கணினியைத் தொடங்கவிடும் காவல்), டிபிஎம் (பாதுகாப்புச் சில்லு) அமைப்புகளை மாற்றினாலும் அந்தச் சாவியைக் கேட்கும். அதை எழுதி வைத்துக்கொண்ட பிறகே பயாஸில் கை வையுங்கள்.

கோளாறு எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எப்படி விழுந்தது என்பதை வைத்துத்தான். ஒரு தாளில் மூன்று செய்திகளை எழுதுங்கள்: எத்தனை சதவீதத்தில் நின்றது, தொடங்கி எத்தனை நிமிடம் ஆகியிருந்தது, நின்ற விதம் என்ன. இரண்டு முயற்சிகளுக்கு இரண்டு வரி எழுதினாலே தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நின்றால், அங்கே படிக்கப்படும் கோப்பு, எழுதப்படும் டிஸ்க் பகுதி, அந்நேரத்தில் இயங்கத் தொடங்கும் டிரைவர் (வன்பொருளை இயக்கும் மென்பொருள்) இவற்றில் ஒன்றைச் சந்தேகியுங்கள். இன்று 23 சதவீதம், அடுத்து 61, பிறகு 47 என்று இடம் மாறிக்கொண்டே போனால் பெரும்பாலும் ரேம், வெப்பம், மின்சாரம் இவற்றில் ஒன்று. தொடங்கிய ஏழெட்டு நிமிடங்களிலேயே விழுந்துகொண்டிருந்தால் ஒரு மணி நேரம் ஆறவிட்டு மறுபடி ஏற்றிப் பாருங்கள். இம்முறை இன்னும் தள்ளிப்போய் விழுந்தால் வெப்பம்தான்.

நின்ற விதமும் நிறையச் சொல்லும். எந்த எச்சரிக்கையும் இல்லாமல் பட்டென்று அணைந்தால், இயங்குதளத்துக்கே தெரியாமல் மின்சாரம் நின்றிருக்கிறது. நீலத்திரை வந்தால், இயங்குதளமே தவறைக் கண்டுபிடித்துத் தன்னை நிறுத்திக்கொண்டது என்று பொருள். புதிய விண்டோஸ் 11 பதிப்புகளில் இதே திரை கறுப்பாக வரும்.

படம் உறைந்து நின்றால் விசைப்பலகையில் கேப்ஸ் லாக் விசையை அழுத்திப் பாருங்கள். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் கணினி இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. டிஸ்க்கிலிருந்தோ பென்டிரைவிலிருந்தோ பதில் வரக் காத்திருக்கலாம். அரை மணி நேரம் பொறுங்கள். விளக்கு அசையவே இல்லை என்றால் முழுவதும் முடங்கிவிட்டது. பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்து அணைப்பதைத் தவிர வழியில்லை.

நீலத்திரையில் வரும் குறியீடுகளுக்கு என்ன பொருள்?

திரையைக் கைப்பேசியில் படம் எடுத்துவிடுங்கள். சில நொடிகளில் மறைந்துவிடும். மெமரி மேனேஜ்மென்ட் என்றோ பேஜ் ஃபால்ட் என்றோ தொடங்கினால் முதலில் ரேமைச் சோதியுங்கள். வியா அன்கரெக்டபிள் எரர், அதாவது 124, பிராசசரோ மதர்போர்டோ தானே தெரிவிக்கும் வன்பொருள் பிழை. வெப்பம், மின்னழுத்தம், ஓவர்கிளாக்கிங் (குறித்த வேகத்தைவிட வேகமாக ஓட்டுவது) ஆகியவற்றைப் பாருங்கள். 7பி வந்தால் டிஸ்க்கை அணுக முடியவில்லை. ஒவ்வொரு முறையும் வேறு வேறு குறியீடு வருகிறது என்றால் குறியீடுகளை ஆராய்ந்து நேரத்தை வீணாக்க வேண்டாம். அப்படி மாறி மாறி வருவதே ரேம் கோளாறுக்கு வலுவான அடையாளம்.

80070570 என்று முடியும் பிழை வருகிறது. என்ன செய்வது?

கோப்பு சிதைந்திருக்கிறது, படிக்க முடியவில்லை என்பதுதான் அதன் பொருள். 80070017-உம் கிட்டத்தட்ட இதே குடும்பம். பதிவிறக்கிய ஐஎஸ்ஓ கோப்பிலேயே (இயங்குதளம் முழுவதும் அடங்கிய ஒற்றைக் கோப்பு) பழுது இருக்கலாம், பென்டிரைவ் கெட்டிருக்கலாம், அல்லது கோப்பு சரியாக இருந்தும் ரேம் அதைக் கெடுக்கலாம். இந்த வரிசையிலேயே சோதியுங்கள்.

ஐஎஸ்ஓ கோப்பைச் சோதிக்க ஷா256 என்ற கைரேகை இருக்கிறது. வெளியிட்டவரின் தளத்தில் 64 எழுத்துகள் கொண்ட ஒரு வரி கொடுத்திருப்பார்கள். விண்டோஸில் செர்ட்யூட்டில் கட்டளையும், லினக்ஸில் ஷா256சம் கட்டளையும் உங்கள் கோப்புக்கு அதே போன்ற ஒரு வரியைக் கணக்கிட்டுத் தரும். இரண்டும் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். பொருந்தவில்லை என்றால் அந்தக் கோப்பை அழித்துவிட்டு மீண்டும் பதிவிறக்குங்கள். இன்னொன்று: அதே கோப்பை இரண்டு முறை கணக்கிட்டு இரண்டு வெவ்வேறு விடை வந்தால், கோப்பில் குறையில்லை, கணக்கிடும் கணினியில்தான் குறை.

எந்தப் பென்டிரைவைப் பயன்படுத்துவது?

நம்பகமான கடையில் வாங்கிய, 8 ஜிபிக்குக் குறையாத ஒன்றை. சந்தையில் 64 ஜிபி என்று அச்சிட்ட போலிகள் தாராளமாகக் கிடைக்கின்றன. உள்ளே 8 ஜிபிதான் இருக்கும். 64 என்று கணினியிடம் பொய் சொல்லும்படி செய்திருப்பார்கள். உண்மை அளவைத் தாண்டி எழுதும் கோப்புகள் காணாமல் போகும். விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3 என்ற இலவச மென்பொருள்கள் முழுவதும் எழுதிப் படித்துப் பார்த்து உண்மையைச் சொல்லிவிடும்.

ஐஎஸ்ஓ கோப்பைப் பென்டிரைவில் வெறுமனே நகலெடுத்துப் போட்டால் பயன் இல்லை. விண்டோஸ் என்றால் மைக்ரோசாஃப்ட்டின் மீடியா கிரியேஷன் டூல் அல்லது ரூஃபஸ், லினக்ஸ் என்றால் ரூஃபஸ் அல்லது பலேனா எட்சர் போன்ற ஒன்றைக் கொண்டு எழுத வேண்டும். மேசைக் கணினியில் பென்டிரைவைக் கேபினெட்டின் முன்பக்கத் துளையில் செருகாமல், பின்னால் மதர்போர்டோடு ஒட்டியிருக்கும் துளையில் செருகுங்கள். முன்பக்க ஒயர் தளர்ந்துபோனதால் பாதியில் நின்ற கணினிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ரேம் நன்றாக இருக்கிறதா என்று வீட்டிலேயே சோதிக்க முடியுமா?

முடியும், அதுவும் செலவில்லாமல். மெம்டெஸ்ட்86+ என்ற இலவச மென்பொருளைப் பென்டிரைவில் எழுதி, அதிலிருந்து கணினியைத் தொடங்குங்கள். செக்யூர் பூட் இயங்கினால் திறக்காமல் போகலாம். சோதனை முடியும்வரை அதை நிறுத்தி வையுங்கள். ஒரு சுற்று முடிய ரேமின் அளவைப் பொறுத்து ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். இரவில் ஓடவிட்டுக் காலையில் பாருங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ரேம் தேறாது. "ஒன்றுதானே" என்று விட்டுவிடக் கூடாது.

உறவினர் வீட்டு மேசைக் கணினி ஒன்றை நான் மூன்று நாள் போராடிச் சரிசெய்தேன். நான்கு முறை ஏற்றி, நான்கு முறையும் வெவ்வேறு சதவீதத்தில் விழுந்தது. பென்டிரைவ்தான் காரணம் என்று முடிவுகட்டி 5 ஜிபிக்கு மேற்பட்ட ஐஎஸ்ஓவை இரண்டாம் முறை பதிவிறக்கினேன், பென்டிரைவையும் மாற்றினேன். மூன்றாம் நாள் இரவு மெம்டெஸ்ட்டை ஓடவிட்டபோது, பதினைந்தாவது நிமிடத்தில் முதல் சிவப்பு வரி வந்தது. அடுத்த வரியிலும் அதே முகவரி. இரண்டு ரேம்களில் ஒன்றைக் கழற்றிவிட்டு ஏற்றினேன். அரை மணி நேரத்துக்குள் விண்டோஸ் திறந்துகொண்டது. அந்த வீட்டுப் பெண் அதே கணினியில் ஓராண்டாகக் கல்லூரிப் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். "அப்பப்போது ஃபைல் திறக்காது மாமா, நான் நெட் சரியில்லை என்று நினைத்தேன்" என்றாள். அன்றிலிருந்து, இடம் மாறி மாறி விழும் கணினி எது வந்தாலும் முதல் வேலையாக ரேமைத்தான் சோதிக்கிறேன்.

ரேமை அழிரப்பரால் தேய்க்கலாமா?

தேய்க்கலாம், மென்மையாக. மின் இணைப்பைக் கழற்றி, பவர் பொத்தானைப் பத்துப் பதினைந்து நொடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வெளியேற்றுங்கள். கேபினெட்டின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொட்டுக்கொள்ளுங்கள். ரேமின் இரு ஓரங்களையும் பிடித்து எடுத்தால் கீழ் விளிம்பில் பொன்னிறப் பற்கள் வரிசையாகத் தெரியும். கறுத்தோ மங்கியோ இருந்தால் வெள்ளை அழிரப்பரால் மேலிருந்து கீழாக ஒரே திசையில் இரண்டு மூன்று முறை தேய்த்து, துகள்களைத் துடைத்துவிடுங்கள். துகள் ஸ்லாட்டுக்குள் விழுந்தால் புதிய தொல்லை. உப்புத்தாளைப் பக்கத்தில்கூடக் கொண்டுவராதீர்கள். திரும்ப மாட்டும்போது பக்கக் கொக்கி டக்கென்று விழும் ஓசை கேட்க வேண்டும்.

இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாக மட்டும் மாட்டிச் சோதியுங்கள். இரண்டும் தனித்தனியே தேறி, சேர்ந்தால் விழுந்தால் ஸ்லாட்டோ, இரண்டின் பொருத்தமின்மையோ காரணம்.

புதிதாகச் சேர்த்துக் கட்டிய கணினியும் விழுகிறதே?

பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்று ஓர் அமைப்பு இருக்கும். ரேமை அதன் அடிப்படை வேகத்தைவிட அதிகமாக ஓட்டுவது அது. அதை அணைத்துவிட்டு ஏற்றிப் பாருங்கள். இயங்குதளம் நின்று நிலைத்தபிறகு மீண்டும் இயக்கிக்கொள்ளலாம்.

இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை மேசைக் கணினி பிராசசர்கள் சிலவற்றுக்குத் தனியாக ஒரு சிக்கல் உண்டு. தேவைக்கு மேல் மின்னழுத்தம் சென்று பிராசசரே படிப்படியாகக் கெடுவது 2024-இல் உறுதியானது. சுருக்கிய கோப்புகளை விரிக்கும்போது பிழை வருவது அதன் அறிகுறிகளுள் ஒன்று. அந்த ஆண்டு ஆகஸ்ட் முதல் திருத்தப்பட்ட மைக்ரோகோட் (பிராசசருக்குள் இயங்கும் கட்டளைத் தொகுப்பு) பயாஸ் புதுப்பிப்பு வழியாக வந்தது. வாரண்டியையும் இன்டெல் இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. புதுப்பிப்பு மேலும் கெடாமல் தடுக்குமே தவிர, ஏற்கெனவே கெட்டதைச் சரியாக்காது. உங்களுடையது அந்த வரிசை என்றால் வாரண்டியில் மாற்றித் தரக் கேளுங்கள்.

பட்டென்று அணைந்துபோகிறது. எங்கே பார்ப்பது?

கேபினெட்டைத் திறந்து பிராசசர் விசிறி சுழல்கிறதா பாருங்கள். அடியிலுள்ள அலுமினியத் தகடுகளின் இடையில் தூசி மெத்தைபோல் படிந்திருந்தால் பிரஷ்ஷால் எடுத்துவிடுங்கள். விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டே செய்யுங்கள். ஏழெட்டு ஆண்டுப் பழைய கணினி என்றால் பிராசசருக்கும் அந்தத் தகடுகளுக்கும் இடையில் பூசும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொடியாகியிருக்கும். பயாஸ் திரையில் சும்மா இருக்கும்போதே பிராசசரின் வெப்பநிலை 80 டிகிரியை எட்டினால் வேறு எதையும் தேட வேண்டியதில்லை.

வெப்பம் சரியாக இருந்தால் அடுத்தது எஸ்எம்பிஎஸ், அதாவது கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி. இதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. நல்லது ஒன்றை இரவல் வாங்கி மாட்டிப் பார்ப்பதே சரியான சோதனை. எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் வீட்டில் பிரிக்காதீர்கள். இணைப்பைக் கழற்றிய பிறகும் அதன் மின்தேக்கிகளில் ஆளைத் தாக்கும் மின்சாரம் தங்கியிருக்கும்.

ஹார்டு டிஸ்க் கெட்டுவிட்டதா என்று எப்படி அறிவது?

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ, அல்லது உபுண்டுவிலேயே இருக்கும் டிஸ்க்ஸ் செயலி, டிஸ்க் தன் நிலையைத் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் தகவல்களைக் காட்டும். ஹார்டு டிஸ்க்கில் 5, 197 ஆகிய எண்களுள்ள வரிகளைப் பாருங்கள். கெட்டு மாற்றப்பட்ட பகுதிகளும், கெடும் நிலையில் காத்திருப்பவையும் அங்கே எண்ணப்படுகின்றன. எண்ணிக்கை நாளுக்கு நாள் ஏறினால் அதில் இயங்குதளம் ஏற்றுவது வீண் வேலை. 199-ஆம் வரி மட்டும் ஏறினால் மகிழுங்கள்: பெரும்பாலும் டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிள்தான் பழுது, டிஸ்க்கை மாற்றாமலே சரியாகிவிடும்.

லினக்ஸ் ஏற்றத் தொடங்கியதும் கறுப்புத் திரை வருகிறது.

என்விடியா கிராபிக்ஸ் உள்ள கணினிகளில் இது அடிக்கடி நடக்கும். முதல் பட்டியல் திரையில் ஆங்கில இ விசையை அழுத்துங்கள். லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் இறுதியில், ஒரு இடைவெளி விட்டு, நோமோட்செட் என்பதை ஆங்கிலச் சிற்றெழுத்தில் ஒரே சொல்லாகச் சேர்த்து எஃப்10-ஐ அழுத்துங்கள். திரை சற்று மங்கலாக வந்தாலும் நிறுவும் வேலை நடக்கும். நிறுவியபின் உரிய டிரைவரைப் போட்டுக்கொள்ளலாம்.

அரசு தந்த விலையில்லா மடிக்கணினியில் எதை ஏற்றுவது?

தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகள் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. அவற்றைத் தூக்கிப் போடாதீர்கள். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0, 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம் எல்லாம் வேண்டும். தொடக்க ஆண்டுகளில் வந்தவை அதற்குப் பொருந்தா. 24எச்2 பதிப்பு முதல், பாப்கவுண்ட் என்ற கட்டளை இல்லாத மிகப் பழைய பிராசசர்களில் விண்டோஸ் 11 தொடங்கக்கூடச் செய்யாது. குறுக்கு வழிகளில் ஏற்ற முயன்று அல்லல்பட வேண்டாம்.

லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு 2 ஜிபி ரேமிலும் ஓடும், 4 இருந்தால் நிம்மதி. ரேம் குறைவான கணினியில் நிறுவும் மென்பொருள் இடமின்றிச் சொல்லாமல் மூடிக்கொள்வதும் உண்டு. அது பழுது அன்று. நிறுவும்போது உலாவியைத் திறந்து வைக்காதீர்கள். பேட்டரி செத்த மடிக்கணினி என்றால் சார்ஜர் முனை அசையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிறுவும் திரையில் டிஸ்க்கே தெரியவில்லை.

இன்டெல் 11-ஆம் தலைமுறை முதலான பல மடிக்கணினிகளில் விஎம்டி என்ற அமைப்பு டிஸ்க்கை மறைத்துவிடுகிறது. தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இன்டெல் ரேப்பிட் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்கிப் பென்டிரைவில் வைத்து, நிறுவும் திரையிலுள்ள லோட் டிரைவர் வழியாகக் காட்டினால் டிஸ்க் வந்துவிடும். பயாஸில் விஎம்டியை அணைத்தும் நிறுவலாம். ஆனால் நிறுவி முடித்தபின் அந்த அமைப்பை மாற்றினால் மேலே சொன்ன 7பி நீலத்திரை வரக்கூடும்.

விண்டோஸ் 10-இலிருந்து 11-க்கு மேம்படுத்தும்போது பாதியில் பழையதற்கே திரும்பிவிடுகிறது.

சி1900101 என்ற பிழை என்றால் பெரும்பாலும் டிரைவர்தான். வெளி நிறுவன ஆன்ட்டிவைரஸை நீக்குங்கள், பிரிண்டர், கார்டு ரீடர், வைஃபை டாங்கிள் எல்லாவற்றையும் கழற்றுங்கள், பயாஸைப் புதுப்பியுங்கள். அப்படியும் நடக்கவில்லை என்றால் கோப்புகளைக் காப்பாற்றிக்கொண்டு புதிதாக ஏற்றுவதே நல்லது.

நடுவில் மின்சாரம் போய்விட்டது. கணினி கெட்டிருக்குமா?

கணினிக்கு ஒன்றும் ஆகியிருக்காது; மறுபடி முதலிலிருந்து ஏற்றினால் போதும். ஆனால் டிஸ்க்கின் பகுதிகளைப் பிரித்துக்கொண்டிருந்த நேரத்தில் நின்று, பழைய பகுதிகள் காணாமல் போயிருந்தால் உடனே நிறுத்துங்கள். எதையும் எழுதாமல் டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச மென்பொருளை இயக்கினால் அவை பெரும்பாலும் திரும்பக் கிடைக்கும். பயாஸ் புதுப்பிக்கும்போது மின்சாரம் போவதுதான் உண்மையான ஆபத்து. யுபிஎஸ் இல்லாமல் அந்த வேலையைத் தொடாதீர்கள்.

சர்வீஸ் கடைக்கு எப்போது கொண்டுபோவது?

ரேமை மாற்றி மாற்றிச் சோதித்து, பென்டிரைவையும் டிஸ்க்கையும் பார்த்து, வெப்பமும் சரியாக இருந்தும் விழுந்தால், மதர்போர்டோ பிராசசரோ எஸ்எம்பிஎஸ்ஸோதான் மிச்சம். உதிரிப் பாகங்களை மாற்றிப் பார்க்கக் கடைக்காரரிடம்தான் வசதி இருக்கும். போகும்போது நீங்கள் எழுதிய தாளையும் நீலத்திரைப் படங்களையும் கொண்டுபோங்கள். கோப்புகள் டிஸ்க்கில் இருந்தால், "கேட்காமல் பார்மட் செய்ய வேண்டாம்" என்பதைக் கொடுக்கும் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். முடிந்தால் டிஸ்க்கைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். மற்ற பாகங்களைச் சோதிக்க அவருக்கு அது தேவையில்லை. மாற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.